இருபது முயற்சியில் எடுத்துவிட்டால் தடம் எளிதாகிவிடுமா?

கடைசிவளைவு | இரவு 9:12

நண்பர் பனிச்சக்கரம் நேற்று 'தடம் அமைப்போருக்குப் பத்துக் குறிப்புகள்' என்று ஒன்றை இங்கே இட்டிருந்தார். ஒன்பது குறிப்புகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அவை ஊரறிந்தவை. நான்காவதைப் படித்தபோதுதான் குடித்துக்கொண்டிருந்த காப்பி புரையேறியது. டிராக்மேனியா என்ற கார்ப் பந்தய விளையாட்டில் ஒரு தடம் எவ்வளவு கடினமானது என்பதை அறிய, அதை அமைத்தவர் தம் ஆத்தர் நேரத்தை எத்தனை முயற்சியில் எடுத்தார் என்று பார்த்தாலே போதுமாம். இருபதுக்குள் எடுத்திருந்தால் அது இடைநிலைத் தடமாம். இந்தத் தராசில் நிறுத்துத்தான் அவர் தமது 'ஆடிக்காற்று' தடத்தை, நாம் தடங்களைப் பகிரும் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் 'இன்டர்மீடியட்' என்று பதிந்து வைத்திருக்கிறார்.

விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இதில் தடம் அமைப்பவர் அதைத் தாமே ஓட்டி முடித்துக் காட்டினால்தான் வெளியிட முடியும். அந்தச் சரிபார்ப்பு ஓட்டத்தில் அவர் எடுக்கும் நேரமே ஆத்தர் நேரம், அதுவே ஆத்தர் பதக்கத்துக்கான வரம்பு. மற்ற மூன்று பதக்கங்களையும் அதிலிருந்து நிரலே கணக்கிட்டுக்கொள்கிறது: தங்கத்துக்கு 1.06 மடங்கு, வெள்ளிக்கு 1.2, வெண்கலத்துக்கு 1.5, பிறகு அடுத்த முழு நொடிக்கு ஏற்றிவிடும். ஆடிக்காற்றின் ஆத்தர் நேரம் 47.312. எனவே தங்கம் 51, வெள்ளி 57, வெண்கலம் 71 நொடி. 2008இல் இதன் பழைய பதிப்பான நேஷன்ஸ் ஃபாரெவர் வந்த நாள் முதல் ஓட்டிக்கொண்டிருக்கும் எனக்கு, அந்த 71 நொடிக்குள் எல்லைக்கோட்டைத் தொடுவதற்கே நாற்பது நிமிடம் பிடித்தது. காரணம் ஒன்றே ஒன்றுதான். மூன்றாவது செக்பாயின்ட்டை (வழியில் கடக்க வேண்டிய வளையம், விழுந்தால் அங்கிருந்து மீண்டெழலாம்) தாண்டியதும் ஒரு சரிவில் ஏறிப் பறக்கிறோம், இறங்குமிடம் ஐஸ், அந்த ஐஸ் இடப்பக்கம் திரும்புகிறது என்பது சக்கரம் அதில் பட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இருபது முயற்சியாம்!

பனிச்சக்கரம் | இரவு 9:31

வணக்கம் அண்ணா. என் கட்டுரையை முழுவதும் படித்ததற்கு நன்றி. ஒன்பது குறிப்புகள் ஊரறிந்தவை என்கிறீர்கள்; ஊரறிந்த அவற்றில் ஏழாவது, செக்பாயின்ட்டிலிருந்து மீண்டெழும் ஓட்டுநருக்கு அடுத்த தாவலைக் கடக்கும் அளவு வேகம் கிடைக்க வேண்டும் என்பது. தங்கள் 'வைகைக்கரை' தடத்தில் இரண்டாவது செக்பாயின்ட்டில் நின்ற நிலையிலிருந்து எழுந்தால் கார் சரிவின் பாதிவரை ஏறிப் பின்னோக்கி உருளுகிறது என்பதை மரியாதையுடன் நினைவூட்டுகிறேன்.

இருபது முயற்சி என்பது பொதுவான வரம்பு. உண்மையில் நான் ஆத்தர் நேரத்தைப் பதினெட்டாவது முயற்சியிலேயே எடுத்துவிட்டேன். நேஷன்ஸ் ஃபாரெவரின் ஸ்டேடியம் என்ற களச்சூழலில் ஐஸே கிடையாது, அது 2020இல் வந்த புதிய விளையாட்டில்தான் ஸ்டேடியத்துக்குள் நுழைந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் தார்ச்சாலையில் ஓட்டிய கையோடு ஐஸில் இறங்கினால் நாற்பது நிமிடம் என்ன, நான்கு மணி நேரமும் ஆகலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எங்கள் பாட்டி சொல்வார்.

கடைசிவளைவு | இரவு 9:48

உங்கள் பாட்டி இன்னொன்றும் சொல்லியிருப்பாரே, காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று.

ஐஸைப் பற்றிய பேச்சை ஒதுக்குங்கள். என் கேள்வி எளியது. பதினெட்டு என்கிறீர்களே, எதிலிருந்து எண்ணத் தொடங்கினீர்கள்? அந்தச் சரிவை அமைக்கும்போது அதன் உயரத்தை ஒவ்வொரு பிளாக்காகக் கூட்டிக் குறைத்து, தடம் கட்டும் எடிட்டரிலேயே கார் எங்கே விழுகிறது என்று ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் பார்க்காமல் எவராலும் தாவலும் இறங்கலும் அமைக்க முடியாது. ஐம்பது முறையா, இருநூறு முறையா? அத்தனை முறை அந்த இடத்தில் விழுந்து எழுந்த ஒருவருக்கு அது இடப்பக்கம் திரும்பும் என்று விரல்களுக்கே தெரிந்திருக்கும். அதன்பிறகு சரிபார்ப்பு ஓட்டத்தில் உட்கார்ந்து 'ஒன்று, இரண்டு' என்று எண்ணத் தொடங்குவது, வினாத்தாளைத் தயாரித்த ஆசிரியர் தாமே தேர்வெழுதிவிட்டு, அரை மணி நேரத்தில் முடிந்தது, எளிய தேர்வுதான் என்று சொல்வதைப் போன்றது.

ஆகவே கேட்கிறேன்: எடிட்டரில் ஓட்டியவை அந்தப் பதினெட்டில் சேர்ந்தவையா, இல்லையா?

நிதானம் | இரவு 9:55

குறுக்கிடுவதற்கு இருவரும் மன்னிக்க வேண்டும். கடினம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நன்றாக இருக்கும். தடத்தை எப்படியாவது முடிப்பது ஒரு கடினம். அதை ஆத்தர் நேரத்துக்குள் முடிப்பது வேறொரு கடினம். காக்கி என்ற பெயரில் நடத்தப்படும் போட்டித் தடங்களை எடுத்துக்கொள்ளுங்கள் (காவல்துறைக்கும் அதற்கும் தொடர்பில்லை). சில நொடிகளே நீளும் தடமாக இருந்தாலும் ஒரு முறை முடிப்பதற்கே பல மணி நேரம் ஆகும். முடித்துவிட்டால் போதும், நேரத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. அதற்கு நேர் எதிராக, முழுவேகத் தடம் ஒன்றை யார் வேண்டுமானாலும் முதல் ஓட்டத்திலேயே முடித்துவிடலாம். ஆனால் மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் காரைச் சற்றே சறுக்கவிட்டு வேகம் கூட்டும் வித்தையைக் கைக்கொள்ளாதவர் அதில் ஆத்தர் பதக்கத்தைக் கனவிலும் தொட முடியாது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டு எத்தனை முயற்சி என்று எண்ணுவதால் என்ன பயன்?

பனிச்சக்கரம் | இரவு 10:04

எடிட்டரில் ஓட்டியவை முயற்சியே அல்ல. அவை கட்டுமானம். கொத்தனார் சாரத்தில் ஏறி இறங்குவதை யாரும் மாடிப்படி ஏறியதாகக் கணக்கில் வைப்பதில்லை. சரிபார்ப்பு ஓட்டத்தைத் தொடங்கிய பிறகு வருபவைதாம் முயற்சி. அவ்வாறு எண்ணினால் பதினெட்டு. இதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று. தொடங்கிய இரண்டாவது நொடியிலேயே கார் சரியாகத் திரும்பவில்லை என்று மறுதொடக்க விசையை அழுத்திவிடுவோம் அல்லவா, அவற்றையும் நான் சேர்க்கவில்லை. யாருமே சேர்ப்பதில்லை.

கடைசிவளைவு | இரவு 10:21

ஆகா! இதற்காகத்தான் காத்திருந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். மட்டை அவனுடையது, பந்தும் அவனுடையது. முதல் பந்தில் ஸ்டம்பு பறந்தால் 'டிரையல் பால்' என்பான். இரண்டாவது பந்தில் பறந்தால், நான் இன்னும் தயாராகவில்லை என்பான். மூன்றாவதில் பறந்தால் மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். அவன் இறுதிவரை ஆட்டமிழக்கவே இல்லை. அந்தக் கணக்குப்படி அவன் பெரிய பேட்ஸ்மேன்.

எடிட்டரில் ஓட்டியவை கழிந்தன. மறுதொடக்கம் செய்தவை கழிந்தன. அடுத்து, ஐஸில் விழுந்தவையும் தங்களுக்குத் திருப்தியளிக்காததால் கழிந்தன என்பீர்கள். எஞ்சிய பதினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இடைநிலை என்கிறீர்கள். வேகப்பந்தயத் தடத்தில் மறுதொடக்கம் என்பதுதான் தோல்வியின் பெயர். முதல் வளைவிலேயே இருமுறைக்கு ஒருமுறை மறுதொடக்கம் செய்ய நேர்கிறது என்றால், அந்த முதல் வளைவு கடினம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? நீங்களோ சான்றைக் குப்பையில் போட்டுவிட்டு, குப்பைத்தொட்டி காலியாக இருக்கிறது என்று காட்டுகிறீர்கள்.

மீண்டும் கேட்கிறேன். மறுதொடக்கங்களையும் சேர்த்தால் எத்தனை?

மீன்கொத்தி | இரவு 10:24

நாளுக்கொன்றாக வரும் 'இன்றைய தடம்' இன்னும் ஆறு நிமிடத்தில் வெளியாகிவிடும். பாரிசில் மாலை ஏழு மணி என்றால் கோடையில் நமக்குப் பத்தரை. அதன் கோப்பைப் போட்டிக்கு யாரும் வரவில்லையா?

கடைசிவளைவு | இரவு 10:26

இன்று வரவில்லை. இங்கே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

வடமராட்சி_ஓட்டி | இரவு 10:52

கணக்கைச் சற்று நிறுத்திவிட்டு நான் கண்ணால் கண்டதைக் கேளுங்கள். சென்ற ஞாயிறு என் தமக்கையின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பதின்மூன்று வயது. எளிதிலிருந்து கடினம்வரை நிறத்தால் பிரித்த அதிகாரபூர்வப் பருவத் தடங்கள் இருபத்தைந்தில் வெள்ளை, பச்சை, நீலம் ஆகிய முதல் பதினைந்திலும் தங்கம் வைத்திருக்கிறான். சிவப்பில் இரண்டோ மூன்றோ. இடைநிலை என்றால் இவனைப் போன்றவர்களுக்குத்தானே என்று எண்ணி, பனிச்சக்கரம் தம்பியின் தடத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றேன்.

நான் திரையைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது செக்பாயின்ட்டுக்கு முன்னால் தொடர்ச்சியாக மூன்று வலப்பக்க வளைவுகள். அவன் வலது அம்பு விசையை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, மூன்றாவது வளைவில் அழுத்தியபடியே சரிவில் ஏறிவிட்டான். கார் காற்றில் இருக்கும்போதும் விரல் அந்த விசையிலிருந்து எழவில்லை, ஏனென்றால் அடுத்ததும் வலப்பக்கம் என்றே அந்தக் கை நம்பிக்கொண்டிருந்தது. ஐஸில் இறங்கியபோது முன்சக்கரங்கள் வலப்பக்கம் திரும்பியிருந்தன, தடம் இடப்பக்கம் போனது. அதன்பின் எந்த விசையை அழுத்தியும் பயனில்லை, கார் குறுக்காகச் சறுக்கிப் புல்லில் போய் விழுந்தது. மீட்பு விசையை ஒருமுறை அழுத்தினான். செக்பாயின்ட்டைக் கடந்தபோது இருந்த அதே வேகத்தில் கார் மறுபடியும் பாய்ந்து, யோசிக்க இடமே தராமல் அதே சரிவில் ஏறியது. இருமுறை அழுத்தி நின்ற நிலையிலிருந்து கிளம்பிப் பார்த்தான். வேகம் போதாமல் இடைவெளிக்குள் விழுந்தது. ஏழாவது குறிப்பை எழுதியவரின் தடத்தில்தான் இது நடந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பதினோரு முறை. ஒன்பதாவது முறையில் ஐஸைத் தாண்டியும்விட்டான்; ஆனால் சக்கரங்களில் ஒட்டியிருந்த பனி உதிரும் முன்பே தார்ச்சாலை வளைவு வந்துவிட்டதால் அங்கே பிடிப்பில்லாமல் சுவரில் மோதினான். கடைசியில் எழுந்து தண்ணீர் கேட்டான். தடம் கடினமாக இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. "மாமா, இது எங்கே திரும்பச் சொல்கிறது?" என்றுதான் கேட்டான்.

பனிச்சக்கரம் | இரவு 11:06

தங்கள் மருமகனுக்கு என் அன்பு. ஆனால் சிறுவர்களை வைத்துத் தரம் பிரிக்கத் தொடங்கினால் உலகிலுள்ள எல்லாத் தடமும் 'லூனடிக்' என்ற கொடுந்தரத்துக்குப் போய்விடும். மேலும், அவன் விசைப்பலகையில் ஓட்டியிருக்கிறான் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். விசைக்குத் தெரிந்தது இரண்டே நிலை, முழுத் திருப்பம் அல்லது சுழியம். ஐஸில் வேண்டியதோ நுண்ணிய கோணம். காரை எத்தனை பாகை சாய்த்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அங்கே வேகம் கூடும் அல்லது குறையும். கண்ட்ரோலரில் ஓட்டச் சொல்லிப் பாருங்கள். நான் கண்ட்ரோலரில்தான் பதினெட்டு முயற்சியில் எடுத்தேன்.

கறுப்புக்கொடி | இரவு 11:15

வந்துவிட்டதா கண்ட்ரோலர் பெருமை! விசைப்பலகையில் ஓட்டுபவர்கள் எல்லாம் தடவித் திரிகிறார்கள் என்று நினைப்பு. திருப்பத்தின் அளவைக் கட்டுப்படுத்த ஆக்‌ஷன் கீ என்று தனி விசைகளே இருக்கின்றன என்பது பத்துக் குறிப்பு எழுதிய பெருமகனாருக்குத் தெரியாமல் போனது வியப்பே. நானும் விசைப்பலகைதான். ஆடிக்காற்றை இப்போதுதான் ஓட்டிவிட்டு வருகிறேன்: 47.290. அதாவது ஆத்தர் பதக்கம், 22 மில்லி நொடி மிச்சத்துடன். தடத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லப்போவதில்லை. கண்ட்ரோலரைப் பற்றித்தான் சொல்கிறேன்: அதை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

பனிச்சக்கரம் | இரவு 11:19

வாழ்த்துகள். எத்தனை முயற்சியில் எடுத்தீர்கள்?

கறுப்புக்கொடி | இரவு 11:20

எண்ணவில்லை. எண்ணுவது உங்கள் இருவரின் தொழில்.

கடைசிவளைவு | இரவு 11:44

விசைப்பலகையா கண்ட்ரோலரா என்ற சண்டையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதில் புகுந்து பனிச்சக்கரம் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார். கறுப்புக்கொடி ஒரு இரவில் ஆத்தர் பதக்கம் எடுத்தார் என்பதால் தடம் எளிதாகிவிடாது; அவர் 2024 மே மாதத்தில் 'டீப் டிப் 2' என்ற தடத்தின் கோபுரத்தில் வாரக்கணக்கில் ஏறி விழுந்துகொண்டிருந்தவர். செக்பாயின்ட்டே இல்லாத பதினாறு மாடி. தவறினால் பல மாடிகள் கீழே. அதில் பழகிய கைக்கு எந்தத் தடம்தான் கடினம்?

சரி, பதக்கத்துக்கே வருகிறேன். பதக்கம் கடினத்தைக் காட்டாது என்பதை இந்த விளையாட்டின் கணக்கே காட்டிக்கொடுக்கிறது. ஆத்தர் நேரம் 12.1 நொடியாக உள்ள குட்டித் தடத்தில் தங்கம் 12.826 வரவேண்டும், ஏற்றியபின் 13 ஆகிறது, ஓட்டுநருக்கு 0.9 நொடி இடம் கிடைக்கிறது. அதே ஆத்தர் இன்னும் மெதுவாக 12.3 எடுத்திருந்தால் 13.038 வந்து 14 ஆகிவிடும், இடம் 1.7 நொடி. தடத்தில் ஒரு பிளாக்கும் மாறவில்லை. அமைத்தவரின் கை 0.2 நொடி தூங்கியதால் தங்கத்தின் இடம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. இப்படிப்பட்ட எண்ணை அடித்தளமாக வைத்து, அதன்மேல் இருபது முயற்சி என்ற இன்னொரு எண்ணை ஏற்றிக் கோபுரம் கட்டுகிறார் இவர். அந்த இரண்டாவது எண்ணிலும் மறுதொடக்கம் சேரவில்லை!

போகிற போக்கில் இன்னொன்று. மூன்று வலப்பக்க வளைவு, சரிவு, பிறகு எதிர்ப்பக்க இறங்கல் என்ற இந்த அமைப்பை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று முதல் நாளே தோன்றியது. 2021இல் வந்த வைகைக்கரையின் நடுப்பகுதியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான் புகார் சொல்லவில்லை, சுட்டிக்காட்டுகிறேன். என்னுடையதில் இறங்குமிடம் சரிவில் ஏறும் முன்பே ஓரத்தில் தெரியும்படி வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டவர் அதை மட்டும் விட்டுவிட்டார்.

பனிச்சக்கரம் | நள்ளிரவு 12:10

எடுத்துக்கொண்டதா? வலம் மூன்று, இடம் ஒன்று என்பது வைகைக்கரையில் பிறந்த புனிதச் சூத்திரமா? அப்படியானால் இட்லிக்குச் சட்னி வைத்தவர்கள் எல்லோரும் முதலில் வைத்தவருக்குக் கப்பம் கட்ட வேண்டியதுதான்.

பேச்சு எழுந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன். வைகைக்கரையின் ஆத்தர் நேரம் ஒரு நிமிடம் 4 நொடி. நான் இரண்டாவது ஓட்டத்தில் எடுத்தது 58. எல்லோருக்கும் ஆத்தர் பதக்கம் கிடைக்கட்டும், தடத்துக்கு விருது விழட்டும் என்று வேண்டுமென்றே ஊர்ந்து ஓட்டி நேரத்தைப் பதிந்தவர், என் பதினெட்டைப் பற்றிப் பேசுகிறார். நான் என் தடத்தில் முழு மூச்சாக ஓட்டி நேரத்தைப் பதிந்தேன். அதுதான் நேர்மை.

கடைசிவளைவு | நள்ளிரவு 12:38

ஆம், மெதுவாகத்தான் ஓட்டினேன். ஒளித்து வைக்கவில்லையே! தடத்தின் விளக்கக் குறிப்பிலேயே எழுதியிருந்தேன். விளையாட வருகிறவன் மாலையில் அலுவலகம் விட்டு வந்து அரை மணி நேரம் ஓட்டுகிறான். அவனுக்கு ஒரு பச்சைப் பதக்கம் கிடைத்துவிட்டுப் போகட்டும். பதக்கத்தை எளிதாக்கினேன், தடத்தை அட்வான்ஸ்டு என்றே பதிந்தேன். பதக்கம் வேறு, தடத்தின் கடினம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்ததால் செய்தது அது. நீங்கள் இரண்டையும் குழப்பி, குழப்பத்துக்கு இருபது என்று எண்ணும் கொடுத்துவிட்டீர்கள்.

நேர்மை என்ற சொல்லை எடுத்துவிட்டீர்கள், நல்லது. நேர்மையானவர் மறுதொடக்கங்களையும் சேர்த்து ஓர் எண்ணைச் சொல்லட்டும். நாற்பதா? அறுபதா? இதோடு மூன்றாவது முறை கேட்கிறேன்.

மீன்கொத்தி | நள்ளிரவு 12:51

கோப்பையில் மூன்றாம் பிரிவுவரை போய்விட்டு வந்து பார்த்தால் நீங்கள் இன்னும் இருபதிலேயே நிற்கிறீர்கள். வேறொரு விளையாட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2019இல் வந்த சூப்பர் மாரியோ மேக்கர் 2இல், தொடர் சவாலில் வரும் களங்கள் ஈஸி, நார்மல், எக்ஸ்பர்ட், சூப்பர் எக்ஸ்பர்ட் என்று நான்காகப் பிரிகின்றன. பிரிப்பவர் களத்தை அமைத்தவர் அல்லர், எல்லோரும் செய்த முயற்சிகளில் எத்தனை பங்கு வெற்றியில் முடிந்தன என்ற விகிதம்தான். அமைத்தவர் அங்கேயும் தம் களத்தை முடித்துக் காட்டித்தான் ஏற்ற வேண்டும். ஆனால் அவர் எத்தனை முறை செத்தார் என்று யாரும் கேட்பதில்லை. நம் எக்ஸ்சேஞ்சில் பிகினரிலிருந்து இம்பாசிபிள்வரை அமைத்தவரே ஒன்றைத் தெரிந்தெடுத்துக்கொள்வதால்தான் இந்தச் சண்டை.

கடைசிவளைவு | நள்ளிரவு 12:59

பார்த்தீர்களா, அங்கேகூட விகிதத்தின் கீழ்ப்பகுதியில் நிற்பது முயற்சிகளின் எண்ணிக்கை! தோற்ற ஒவ்வொரு முறையும் அதில் சேர்கிறது. பனிச்சக்கரத்தின் மறுதொடக்கங்கள் மட்டும் எங்கும் சேராமல் அந்தரத்தில் தொங்குகின்றன. என் பக்கம் நின்றதற்கு நன்றி மீன்கொத்தி.

மீன்கொத்தி | நள்ளிரவு 1:01

நான் உங்கள் பக்கம் நிற்கவில்லை. அந்த விகிதமும் பழுதுள்ளதுதான். தொடக்கத்திலேயே ஒரு கொடிய பொறியை வைத்துவிட்டால், எஞ்சிய களம் எவ்வளவு எளிதாக இருந்தாலும் அது சூப்பர் எக்ஸ்பர்ட்டில் போய் உட்கார்ந்துவிடும். ஆடிக்காற்றின் மூன்றாவது செக்பாயின்ட் அப்படிப்பட்ட ஒன்று. அந்த நான்கு நொடியை எடுத்துவிட்டால் மற்ற நாற்பத்துமூன்று நொடியும் பச்சைத் தடம்தான். நான்கு நொடிக்காக முழுத் தடத்தையும் எக்ஸ்பர்ட் என்பீர்களா, நாற்பத்துமூன்று நொடிக்காக இடைநிலை என்பீர்களா?

நிதானம் | நள்ளிரவு 1:09

இதைத்தான் நானும் கேட்க வந்தேன். பாறை ஏறுவோர் ஒரு வழியில் முதலில் ஏறியவர் சொல்லும் தரத்தை முன்மொழிவாகவே கொள்கிறார்கள். பின்னால் ஏறியவர்கள் சேர்ந்து அதைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். நாமும் அமைத்தவர் போடும் பெயரைத் தற்காலிகமானது என்று வைத்துக்கொண்டு, கடினத்தை முதலில் இரண்டாகப் பிரித்து

நிதானம் | நள்ளிரவு 1:10

மன்னிக்கவும், பாதியில் அனுப்பிவிட்டேன். முடிப்பதன் கடினம், விரைவதன் கடினம் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் இந்தச் சிக்கலே எழாது.

கறுப்புக்கொடி | நள்ளிரவு 1:14

கடினம் என்பது பெயர்ச்சொல்லாக வருமா, கடினத்தன்மை என்றுதான் எழுத வேண்டுமா? மாலையிலிருந்து உறுத்திக்கொண்டிருக்கிறது.

கடைசிவளைவு | நள்ளிரவு 1:16

கடினம் என்பதே சரி. தன்மையை ஒட்டவைப்பது செய்தித்தாள் பழக்கம்.

பனிச்சக்கரம் | நள்ளிரவு 1:33

கடைசிவளைவு அண்ணாவுக்குத் தூக்கம் வரவேண்டும் என்ற ஒரே நோக்கத்தில் சொல்கிறேன். சரிபார்ப்பு ஓட்டம் முழுவதையும் அன்றே காணொளியாகப் பதிவு செய்து வைத்திருந்தேன். இப்போது ஏற்றிவிட்டேன், நூறு விழுக்காடு வெட்டாத பதிவு, இருபத்தொரு நிமிடம். தாங்களே எண்ணிக்கொள்ளலாம். எண்ணி முடித்ததும் இங்கே வந்து பதினெட்டு என்று எழுதினால் போதும், மன்னிப்பெல்லாம் எதிர்பார்க்கவில்லை.

வடமராட்சி_ஓட்டி | நள்ளிரவு 1:40

தம்பி, சரிவின் பக்கத்தில் ஓர் அம்புப் பலகை வைத்தால் முடிந்துபோகும் வேலை இது. இரண்டு நிமிடம். மருமகனும் ஓட்டிவிடுவான்.

பனிச்சக்கரம் | நள்ளிரவு 1:42

அம்புப் பலகை வைத்தால் தடத்தின் அழகு கெட்டுவிடும் அண்ணா. மேலும், வைத்தால் தடம் கடினமாக இருந்தது என்று நானே ஒப்புக்கொண்டதாக ஒருவர் எழுதுவார். யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசிவளைவு | நள்ளிரவு 2:27

காணொளியை முழுவதும் பார்த்தேன். இருமுறை பார்த்தேன். இரண்டாவது முறை முக்கால் வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தாளில் ஒரு கோடு போட்டேன். இருபத்துமூன்று கோடுகள். பதினெட்டு அன்று, இருபதும் அன்று, இருபத்துமூன்று. தங்கள் வரம்பை வைத்தே பார்த்தாலும் ஆடிக்காற்று இடைநிலையைத் தாண்டிவிட்டது.

அது மட்டுமன்று. காணொளியின் முதல் ஓட்டத்தில், கார் சரிவில் ஏறும் முன்பே விரல் இடப்பக்கம் போய்விட்டது. சக்கரம் காற்றில் இருக்கும்போதே இடப்பக்கம் திரும்பி நிற்கிறது. முதல் முயற்சியாம் இது! வடமராட்சியாரின் மருமகனுக்கு ஒன்பதாவது முறையில்தான் அது வந்தது.

பனிச்சக்கரம் | நள்ளிரவு 2:35

அந்த இருபத்துமூன்றில் ஐந்து, முதல் செக்பாயின்ட்டைத் தொடும் முன்னரே நிறுத்திக்கொண்டவை. 23இலிருந்து 5 போனால் 18. நான் மாலையில் சொன்ன அதே எண். கணக்கு சரியாக வந்ததற்கு மகிழ்ச்சி. இரவு வணக்கம்.

கடைசிவளைவு | நள்ளிரவு 2:51

ஐந்து அல்ல, நான்கு. காணொளியில் 6 நிமிடம் 42ஆவது நொடியில் நிறுத்திப் பாருங்கள். அந்த ஓட்டத்தில் மறுதொடக்க விசையை அழுத்தும்போது காரின் மூக்கு செக்பாயின்ட் வளையத்துக்குள் இருக்கிறது, பக்கத்தில் இடைநேரமும் ஒரு கணம் மின்னி மறைகிறது. தொட்ட செக்பாயின்ட்டைத் தொடவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பனிச்சக்கரம் | காலை 7:05

மின்னியது முந்தைய ஓட்டத்தின் இடைநேரம்.

கடைசிவளைவு | காலை 7:06

நிறத்தைப் பாருங்கள்.